“உங்க டிகிரி அங்க செல்லாது” என்று பயமுறுத்திப் பணம் பிடுங்குகிறார்கள்: வடசென்னைப் பிள்ளைகள் கவனத்துக்கு

மூலக்கடையிலிருந்து பெரம்பூர் வரைக்கும் மாடிப்படி ஓரத்தில் கனடா, ஜெர்மனி கொடி ஒட்டிய கன்சல்டன்சிகள் இப்போது ஏகப்பட்டது. எல்லாரையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஆனால் அதில் ஒன்று என் தம்பியிடம் 92,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, எங்கேயும் எடுபடாத ஒரு கலர் காகிதத்தைக் கையில் கொடுத்திருக்கிறது. வழக்கு நடப்பதால் பெயரைப் போடவில்லை. ஏமாற்றிய விதத்தைச் சொல்கிறேன். இதே விதம் நாளைக்கு வேறு போர்டு மாட்டிக்கொண்டு உங்கள் தெருவுக்கும் வரும்.

தம்பி பி.இ. மெக்கானிக்கல். திருவள்ளூர் பக்கம் அண்ணா பல்கலைக்கழக இணைப்பில் இருக்கும் ஒரு தனியார் கல்லூரி. முதல் பட்டதாரி சலுகையில் படித்தவன். மணலியில் காண்ட்ராக்ட் கம்பெனி ஒன்றில் வெல்டிங் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. கூட வேலை பார்த்த ஒருவர் கனடா போனதும் இவனுக்கும் அங்கே நிரந்தரமாகக் குடியேறும் பி.ஆர். ஆசை வந்தது. அதில் தப்பு எதுவும் இல்லை.

அந்த அலுவலகத்தில் முதலில் நன்றாகத்தான் பேசியிருக்கிறார்கள். பிறகு கல்லூரிப் பெயரைக் கேட்டதும் முகத்தை மாற்றிக்கொண்டார்களாம். “தம்பி, இது வாஷிங்டன் அக்கார்டுல வராத காலேஜ். கனடாவுல உங்க பி.இ.-ய டிப்ளமோவாத்தான் எடுத்துக்குவான். இந்தியா டெவலப்பிங் கன்ட்ரி, நம்ம சர்டிஃபிகேட்டுக்கு அங்க மதிப்பு கிடையாது. டொரோண்டோவுல டாக்டர், இன்ஜினியர் எல்லாம் டாக்சி ஓட்டறாங்க, தெரியுமா?” என்று ஆரம்பித்திருக்கிறார் அங்கிருந்தவர். தம்பி வீட்டுக்கு வந்து போனில் தேடிப் பார்த்தான். வாஷிங்டன் அக்கார்டு என்று ஒன்று இருக்கிறது, அவன் படித்த கல்லூரி அதில் இல்லை. அவர் சொன்னது உண்மை என்று நம்பிவிட்டான்.

இந்த இடத்தில்தான் அவர்களுடைய சாமர்த்தியம் இருக்கிறது. முழுப் பொய் சொன்னால் மாட்டிக்கொள்வார்கள். கால்வாசி உண்மையைச் சொல்லி, அதைச் சம்பந்தமே இல்லாத இடத்தில் கொண்டுபோய் ஒட்டுகிறார்கள்.

வாஷிங்டன் அக்கார்டு என்பது இன்ஜினியரிங் படிப்புகளை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் ஒப்பந்தம். நம் நாட்டில் தொழில்நுட்பப் படிப்புகளுக்குத் தர அங்கீகாரம் கொடுக்கும் என்.பி.ஏ. என்ற வாரியம் 2014 ஜூனில் அதில் நிரந்தர உறுப்பினர் ஆனது. என்.பி.ஏ.-வில் டயர் 1, டயர் 2 என்று இரண்டு அங்கீகாரம் உண்டு. டயர் 1 மட்டுமே அந்த ஒப்பந்தத்தில் வரும். தன்னாட்சிக் கல்லூரிகளும் பல்கலைக்கழகத்தின் சொந்தத் துறைகளும்தான் டயர் 1-க்குப் போக முடியும். இணைப்புக் கல்லூரி என்றால் எவ்வளவு நன்றாக நடத்தினாலும் டயர் 2தான். இதுவரைக்கும் அந்த ஆள் சொன்னது சரி. ஆனால் அந்த ஒப்பந்தம் பேசுவது ‘பி.இங்.’ என்ற இன்ஜினியர் லைசென்ஸ் பற்றி. கனடாவில் லைசென்ஸ் இல்லாமல் இன்ஜினியர் என்று போட்டுக்கொள்ள முடியாது. ஒவ்வொரு மாகாணத்திலும் அதற்கென ஒரு அமைப்பு இருக்கிறது. பட்டியலில் இல்லாத கல்லூரியில் படித்தவர்களிடம் அவர்கள் கூடுதலாகப் பரீட்சை கேட்கலாம், அனுபவத்தைப் பார்த்துத் தளர்த்தவும் செய்யலாம். குடியேறும் விண்ணப்பத்துக்கு இதெல்லாம் தேவையே இல்லை. படிப்பு விஷயத்தில் அங்கே கேட்பது ஈ.சி.ஏ. என்ற கல்வி மதிப்பீட்டு அறிக்கை ஒன்றுதான்.

ஈ.சி.ஏ.-வை யார் கொடுக்கலாம் என்று கனடா அரசே பெயர் குறித்து வைத்திருக்கிறது. நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்தது டபிள்யூ.இ.எஸ். கட்டணம் சில நூறு கனடா டாலர், அதை நாமே கார்டில் கட்டலாம். டிரான்ஸ்கிரிப்ட், அதாவது பல்கலைக்கழகமே கொடுக்கும் மொத்த மதிப்பெண் பட்டியல், அங்கிருந்து நேராக அவர்களுக்குப் போக வேண்டும். நடுவில் ஏஜென்ட் கை பட்டால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வந்த அறிக்கை ஐந்து வருஷம் செல்லும். எம்பசி முத்திரை, அப்போஸ்டில் (ஆவணம் அசல் என்று வெளிநாட்டுக்காக அரசு வைக்கும் முத்திரை) எதுவும் இதற்கு வேண்டாம்.

தம்பியிடம் வாங்கிய பணத்துக்குக் கணக்கு இப்படி: ‘சர்வதேச ஈக்விவலன்சி சான்றிதழ்’ 55,000, ‘எம்பசி அட்டெஸ்டேஷன்’ 22,000, மீதி ‘பிராசஸிங்’. கனடா ஈ.சி.ஏ.-வுக்கு அட்டெஸ்டேஷனே வேண்டாம் என்று மேலே சொல்லிவிட்டேன். வேறு நாட்டுக்கு வேண்டும் என்றே வையுங்கள், வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் கட்டணம் ஒரு ஆவணத்துக்கு 50 ரூபாய். ஆவணத்தை வாங்கிக் கொடுக்கும் ஏஜென்சிக்குத் தனியாக ஒரு சின்ன கட்டணம் உண்டு. அதற்கு முன்னால் கோட்டையில் உயர்கல்வித் துறையின் சரிபார்ப்பு. இதையெல்லாம் எவ்வளவு தாராளமாகக் கூட்டினாலும் 22,000 வராது. அம்மா வளையலை அடகு வைத்துக் கொடுத்த காசு அது.

அப்புறம் அந்த ஈக்விவலன்சி சான்றிதழ். தங்க நிற முத்திரை, ஹாலோகிராம், லண்டன் முகவரி, கவுன்சில் என்று முடியும் ஒரு பெயர். “இந்தப் பட்டம் கனடாவின் நான்கு வருடப் பட்டத்துக்குச் சமம்” என்று அச்சடித்திருக்கிறது. அந்தக் கவுன்சில் கனடா அரசின் பட்டியலில் இல்லை. பிரிட்டனில் இந்த வேலையைச் செய்யும் யு.கே. எனிக்குக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடையில்கூட இதைவிட நல்ல காகிதத்தில் போட்டுக் கொடுப்பார்கள். எடுபடாது என்று தெரிந்ததும் தம்பி போய்க் கேட்டிருக்கிறான். “மீதி 30,000 கட்டுங்க, அடுத்த ஸ்டேஜ் போகலாம்” என்று பதில். அதுவரைக்கும் ஒரிஜினல் மார்க்‌ஷீட்டும் டிகிரியும் அவர்கள் அலமாரியிலேயே இருக்குமாம்.

எனக்கு விஷயம் தெரிந்ததே அப்போதுதான். தம்பியோடு போய் உட்கார்ந்தேன். “மேடம், நீங்க டென்ஷன் ஆகாதீங்க” என்று ஜூஸ் வாங்கிக் கொடுத்தார்கள். ஒரிஜினலை எந்தச் சட்டத்தில் பிடித்து வைத்திருக்கிறீர்கள், எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். எழுதித் தர மாட்டோம் என்றார்கள். காவல் நிலையத்தில் மனு கொடுத்த பிறகு சான்றிதழ்கள் கைக்கு வந்தன, பணம் வரவில்லை.

அன்று எங்களுக்குப் பக்கத்து நாற்காலியில் வியாசர்பாடிப் பெண் ஒருத்தி இருந்தாள். பி.காம். படித்தவள். அவளிடமும் அதே பாட்டுதான்: மூணு வருஷ டிகிரி, வெளிநாட்டில் பிளஸ் டூ மாதிரி. இதிலும் ஒரு துளி உண்மை உண்டு. அமெரிக்காவில் மாஸ்டர்ஸ் படிக்கப் போனால் சில பல்கலைக்கழகங்கள் நான்கு வருடப் பட்டம்தான் கேட்கும், சில மூன்று வருடத்தையும் ஏற்கும். அதை அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் அட்மிஷன் பக்கத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். மூன்று வருடத்தை நான்காக்கும் சான்றிதழ் எந்தக் கடையிலும் விற்காது.

நம் படிப்புக்கு வெளிநாட்டில் சிக்கலே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. 2018-இல் குவைத்தில் நம் இன்ஜினியர்கள் பட்ட பாடு பலருக்கு நினைவிருக்கும். அங்குள்ள இன்ஜினியர்கள் சங்கத்தின் தடையில்லாச் சான்று இருந்தால்தான் ரெசிடென்சி புதுப்பிப்போம் என்றார்கள், அந்தச் சங்கமோ என்.பி.ஏ. அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்டது. வருஷக்கணக்கில் அங்கே வேலை பார்த்தவர்களே திண்டாடினார்கள். ஜெர்மனி 2022 நவம்பரிலிருந்து நம் மாணவர்களிடம், சான்றிதழ்கள் அசல்தான் என்று காட்டும் ஏ.பி.எஸ். சான்று கேட்கிறது, கட்டணம் 18,000 ரூபாய். போலிச் சான்றிதழ்களோடு போனவர்களால் வந்த வினை இது, ஒழுங்காகப் படித்தவனும் சேர்த்துக் கட்டுகிறான். சரி, நாம் மட்டும் என்ன? வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்து வந்தவர்களை 2002-லிருந்து தனிப் பரீட்சை எழுதவைத்துத்தான் உள்ளே விடுகிறோம். ஒவ்வொரு நாடும் தன் வாசலில் தன் கேள்வியைக் கேட்கிறது. சான்றிதழ் அசல்தானா, எந்த நிலைப் படிப்பு, அந்தத் தொழிலைச் செய்ய அனுமதி உண்டா என்று மூன்று கேள்விகளுக்கும் மூன்று வேறு மேஜைகள். அந்த ஆள் மூன்றையும் ஒன்றாகக் குழப்பி ‘மதிப்பு கிடையாது’ என்று ஒரே வரியில் சொன்னதால்தான் 55,000 ரூபாய்க்கு மருந்து விற்க முடிந்தது.

டாக்சி கதைக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். படித்தவர்கள் அங்கே வேறு வேலை பார்ப்பது உண்மைதான். பெரும்பாலும் டிகிரியைச் சந்தேகப்பட்டு அல்ல, லைசென்ஸும் உள்ளூர் அனுபவமும் இல்லாததால். ஒன்டாரியோவில் இன்ஜினியர் லைசென்ஸுக்குக் கனடா அனுபவம் கட்டாயம் என்றிருந்த விதியை 2023 மே மாதத்தில் எடுத்துவிட்டார்கள். இதை எந்தக் கன்சல்டன்சியும் தம்பியிடம் சொல்லவில்லை.

தம்பி பிறகு தானே டபிள்யூ.இ.எஸ்.-இல் பதிவு செய்தான், டிரான்ஸ்கிரிப்டுக்குப் பல்கலைக்கழகத்தில் விண்ணப்பித்தான். அறிக்கை வந்துவிட்டது: நான்கு வருட பேச்சலர் டிகிரி. அதே இணைப்புக் கல்லூரி, அதே மார்க்‌ஷீட்.

கனடா குடியேற்றத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்பவர், அங்குள்ள வக்கீலாகவோ சி.ஐ.சி.சி. என்ற அமைப்பில் பதிவு பெற்றவராகவோ இருக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். பெயரைப் போட்டால் அந்த அமைப்பின் தளத்தில் பதிவு எண் வரும். இவருடையது வரவில்லை. வளைகுடா வேலைக்கு ஆள் அனுப்புகிறேன் என்பவரானால் மத்திய அரசின் ஈ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் 1978-லிருந்து இருக்கிறது, முதலில் அங்கே கேளுங்கள்.

பணத்துக்காக 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தோம். அந்த அலுவலகம் மதிக்காததால் நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம். ஐந்து லட்சம் வரை கொடுத்த பணத்துக்கு அங்கே மனுக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். எங்களுக்கு முறையான ரசீது கொடுக்கவே இல்லை. ஒரு துண்டுச் சீட்டில் ‘பெய்ட்’ என்று எழுதியதோடு சரி. தம்பி ஜிபே-யில் அனுப்பிய விவரமும், ‘ஈக்விவலன்சி ரெடி, பேலன்ஸ் அனுப்புங்க’ என்று அவர்கள் போட்ட வாட்ஸாப் மெசேஜும்தான் மனுவோடு போயிருக்கின்றன. அதே மாடியில் பணம் கட்டியவர்கள் இதைப் படித்தால், கோபத்தில் அந்த வாட்ஸாப் மெசேஜ்களை அழித்துவிடாதீர்கள்.