பின் டிஃப் லாக்: மழைக்கால மலைப்பாதையில் ஹைலக்ஸ்

டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் 2022இல் இந்தியச் சந்தைக்கு வந்தபோது, அதன் 2.8 லிட்டர் டீசல் எஞ்சினைப் பற்றியும் ஆட்டோமேட்டிக்கில் கிடைக்கும் 500 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையைப் பற்றியும்தான் எல்லோரும் பேசினார்கள். நான் அதை வாங்கியதற்கு முதல் காரணம், பின் டிஃபரன்ஷியலை, அதாவது வளைவில் பின்சக்கரங்கள் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கரத் தொகுதியை, பூட்டும் அந்தச் சிறிய பட்டன் (டிஃப் லாக்). கீழ்ப் பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம் எங்களுக்குக் காப்பியும் மிளகும் மலைவாழையும் இருக்கின்றன. தார்ச்சாலை முடிந்தபின் தோட்டம் வரைக்கும் செம்மண் பாதைதான். ஐப்பசியில் பிடிக்கும் மழை மார்கழி வரை அந்தப் பாதையை ஊறவைத்துவிடும். சில மழைக்காலங்கள் அந்தப் பட்டனோடு பழகிய பிறகு இதை எழுதுகிறேன்.

காலியான பிக்கப்பின் பின்பகுதி லேசானது. பாரம் ஏற்றுவதற்கென்றே அமைத்த லீஃப் ஸ்பிரிங், பாரம் இல்லாதபோது விறைத்துக்கொண்டு நிற்கும். வாழைத்தார்களை ஏற்றிக்கொண்டு இறங்கும் வண்டி அமைதியாக இறங்கிவிடும். அவற்றை ஏற்றிவரக் காலியாக மேலே போகும்போதுதான் சிக்கல். தண்ணீர் அரித்த பள்ளத்தைக் குறுக்காகக் கடக்கையில் முன்னால் ஒரு சக்கரமும், அதற்கு எதிர்மூலையில் பின்னால் ஒரு சக்கரமும் தரையை விட்டு எழும்பிவிடும். சாதாரண டிஃபரன்ஷியல் இருபக்கச் சக்கரங்களுக்கும் ஒரே அளவு விசையைத்தான் பங்கிடும். அந்தரத்தில் நிற்கும் சக்கரத்தைச் சுழற்ற விசை அநேகமாகத் தேவையே இல்லை. தரையில் ஊன்றி நிற்கும் சக்கரத்துக்கும் அந்தச் சொற்ப விசையே போய்ச் சேரும். ஃபோர் வீல் போட்டிருந்தும் வண்டி நகராமல் நிற்பதற்கு இதுதான் காரணம். பூட்டினால் பின் அச்சின் இரு பாதிகளும் ஒன்றாகச் சுழலும். ஊன்றிய சக்கரம் வண்டியைத் தள்ளும்.

டிராக்டர் ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல. குதிகாலால் மிதிக்கும் டிஃப் லாக் பெடல் செய்யும் வேலையை இங்கே ஒரு சிறிய மின்மோட்டார் செய்கிறது. எங்கள் தோட்டத்து டிராக்டர் டிரைவர் அண்ணன், வண்டி வந்த புதிதில் ஒரே ஒரு யோசனைதான் சொன்னார்: “புதைந்த பிறகு பூட்டாதீர்கள் தம்பி. புதையப் போகிற இடத்தைப் பார்த்ததும் பூட்டுங்கள்.” கையேட்டில் பல பக்கங்களில் சொல்லியிருப்பதைவிட இது எனக்கு அதிகம் பயன்பட்டது.

காரணம், பட்டனை அழுத்திய கணத்திலேயே பூட்டு விழுவதில்லை. உள்ளே பல்லும் பல்லும் நேராக வந்தால்தான் அவை கவ்விக்கொள்ளும். அதுவரை மீட்டரில் விளக்கு சிமிட்டும். நிலையாக எரிந்தால் பூட்டு விழுந்துவிட்டது என்று அர்த்தம். நான் மேட்டுக்குக் கீழேயே வண்டியை நிறுத்தி, எல்4 (நான்கு சக்கரங்களுக்கும் மெதுவான, வலுவான விசை தரும் நிலை) போட்டு, பட்டனை அழுத்தி, ஸ்டியரிங்கை லேசாக இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டு நடக்கும் வேகத்தில் சில அடி நகர்வேன். விளக்கு நிலைத்ததும் ஏறத் தொடங்குவேன். சக்கரம் வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும்போது பூட்ட முயல்வது பற்களுக்கும் அச்சுக்கும் நல்லதல்ல. விடுவிக்கும்போதும் பொறுமை வேண்டும். அச்சில் முறுக்கம் தங்கியிருந்தால் பட்டனை அணைத்த பிறகும் பூட்டு கழலாது. சற்று பின்னால் எடுத்து, நேராக முன்னால் விட்டால் கழன்றுவிடும்.

மலையில் பிக்கப் ஓட்டுகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு: பக்கவாட்டில் சரிந்த ஈரப்பாதையில் பூட்டக் கூடாது. எங்கள் பாதையில் ஓர் இடத்தில் உள்பக்கம் மண் மேடு, வெளிப்பக்கம் சரிவு, பாதையே வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும். பூட்டாமல் போனால், வழுக்கும் சக்கரம் தனியாகச் சுழலும். மற்றது வழுக்காமல் உருண்டு, பக்கவாட்டுப் பிடிமானத்தைக் காப்பாற்றும். பூட்டிவிட்டால் இரண்டும் சேர்ந்து சுழலும், இரண்டும் சேர்ந்தே பிடியை இழக்கும். வண்டியின் பின்பகுதி சரிவைப் பார்த்து நகரத் தொடங்கிவிடும். முன்னேறும் சக்தி கூடியதாகத் தோன்றும் அதே நேரத்தில், பாதையில் நிற்கும் சக்தி குறைந்திருக்கும். அந்த இடத்தில் நான் எல்4, இரண்டாம் கியர், ஆக்ஸிலரேட்டரில் மிக மென்மையான கால், இவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறேன். வழுக்கும் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் அங்கே போதுமானது. மழை கனத்தால் வண்டியைக் கீழேயே விட்டுவிட்டு நடந்து போவோம்.

பூட்டியிருக்கும்போது, பிரேக் பிடிக்கையில் சக்கரம் இறுகி நின்றுவிடாமல் காக்கும் ஏபிஎஸ்ஸும் வழுக்கல் கட்டுப்பாட்டு வசதிகளும் வேலை செய்யாது. அவற்றின் விளக்குகள் மீட்டரில் எரியும். அது பழுதல்ல. ஆனால் இறக்கத்தில் அதை நினைவில் வைத்துத்தான் பிரேக்கைத் தொட வேண்டும். எல்4 முதல் கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்து இறக்கும், கால் பிரேக்குக்கு அதிக வேலை இருக்காது. கொண்டை ஊசி வளைவில் பூட்டோடு திரும்பினால் வண்டி வளைய மறுத்து நேராகத் தள்ளும், டயர் தேயும் சத்தம் கேட்கும். தார்ச்சாலையில் ஒருபோதும் பூட்ட வேண்டாம். அங்கே டயர் வழுக்கி முறுக்கத்தை விடுவிக்க இடமில்லாததால் அந்தச் சுமை முழுவதும் அச்சின் மேல் விழும்.

டிராக்‌ஷன் கன்ட்ரோல் இருக்கும்போது பூட்டு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. சக்கரம் ஒரு முறை வழுக்கிச் சுழன்ற பிறகுதான் டிராக்‌ஷன் கன்ட்ரோல் விழித்துக்கொள்ளும். ஒவ்வொரு சுழற்சியும் ஈர மண்ணைத் தோண்டி எடுக்கும். தினமும் அதே வழியில் போய்வர வேண்டியவர்களுக்கு அந்தப் பள்ளம் பெரிய தலைவலி. அடுத்த மழையில் அதுவே ஓடையாகிவிடும். பூட்டிக்கொண்டு மெதுவாக ஏறும் வண்டி மண்ணைக் கிளறுவதில்லை. நாங்கள் பாதைக்குக் கல் பரப்பும் செலவு குறைந்ததில் இந்தப் பூட்டுக்கும் பங்கு உண்டு என்று உறுதியாகச் சொல்வேன்.

பராமரிப்பு அதிகம் இல்லை. கோடைக்காலத்திலும் அவ்வப்போது மண் தரையில் ஒரு முறை பூட்டித் திறந்துவிடுவேன். நெடுநாள் அசையாமல் கிடக்கும் பாகங்கள் இறுகிவிட வாய்ப்புண்டு. ஓடையைக் கடக்கிறவர்கள் பின் அச்சின் பிரீதர் குழாயை (உள்ளே காற்று போய்வரும் சிறு குழாய்) பார்த்துக்கொள்ள வேண்டும். சூடான அச்சுக் கூடு குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, வெளியிலிருந்து இழுக்கும். குழாய் அடைத்திருந்தால் ஆயில் சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். வடித்துப் பார்க்கும்போது ஆயில் பால் நிறத்தில் இருந்தால் உடனே மாற்றிவிடுவது நல்லது. மழைக்காலம் முடிந்ததும் தை மாதத்தில் மெக்கானிக்கிடம் சொல்லி கிரவுன் ஆயிலை (பின் டிஃபரன்ஷியலில் இருக்கும் ஆயில்) திறந்து பார்ப்பது எங்கள் வழக்கம்.

முன் அச்சுக்கும் ஒரு லாக்கர் பொருத்தலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி நிறுவனத்தின் காற்றழுத்த லாக்கர் போன்றவை இருக்கின்றன. பாறைகளில் ஏறுகிறவர்களுக்கு அவை தேவைப்படலாம். முன் அச்சைப் பூட்டினால் ஸ்டியரிங் திருப்புவதே கடினமாகிவிடும். எங்கள் பாதையில் வளைவுகள்தான் அதிகம். அந்தப் பணத்துக்கு நல்ல சேற்று டயர்களையும் ஒரு காற்று கம்ப்ரெஸரையும் வாங்கிவிட்டேன். டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டு ஏறினால், பின் பூட்டைப் போட வேண்டிய இடங்களே பாதியாகக் குறைந்துவிடுகின்றன.