ஹார்மோன் மாத்திரையா, மெட்ஃபார்மினா? பிசிஓஎஸ்ஸுக்கு எது, எப்போது

சினைப்பையைப் பாதித்து மாதவிடாயைக் குலைக்கும் ஹார்மோன் கோளாறான பிசிஓஎஸ் உறுதியானதும் மருந்துச் சீட்டில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று இருக்கும். ஒன்று, கருத்தடைக்கும் தருகிற கூட்டு ஹார்மோன் மாத்திரை. இன்னொன்று, சர்க்கரை நோய்க்குத் தருகிற மெட்ஃபார்மின். முதலாவதைப் பார்த்ததும் "எனக்கு எதற்குக் கருத்தடை?" என்று தோன்றும். இரண்டாவதைப் பார்த்தால் "எனக்குத்தான் சுகர் இல்லையே!" இரண்டையும் வேறு வேறு வயதில் நான் சாப்பிட்டிருக்கிறேன். எது நல்லது என்று கேட்கும் பெண்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இப்போது உங்களை அதிகம் படுத்துவது எது?

அதற்கு முன் ஸ்கேன் ரிப்போர்ட் பற்றி ஒரு விஷயம். 'நீர்க்கட்டி' என்ற சொல் எத்தனை பேரை அழவைத்திருக்கிறது! உண்மையில் அவை கட்டிகளே அல்ல. பாதியில் வளர்ச்சி நின்றுபோன முட்டைப் பைகள், ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர்தான். அறுத்து எடுக்க அங்கே ஒன்றும் இல்லை. ஸ்கேனில் தெரிந்தால் மட்டும் நோய் என்றும் ஆகாது. 2003இல் ராட்டர்டாமில் வகுத்த அளவுகோலின்படி, ஒழுங்கற்ற மாதவிடாய், ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேன் தோற்றம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். தைராய்டு கோளாறு, பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் கூடுவது போன்ற வேறு காரணங்கள் இல்லை என்பதும் தெளிவாக வேண்டும்.

சரி, மருந்துக்கு வருவோம். பல பெண்களுக்கு இதில் இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. அதனால் உடல் இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கிறது. அது சினைப்பையைத் தூண்டி ஆண்ட்ரோஜனைக் கூட்டுகிறது. அந்த ஆண்ட்ரோஜன்தான் தாடையில் முடியாகவும் கன்னத்தில் பருவாகவும் வெளியே தெரிகிறது. உள்ளே முட்டை முதிர்வதையும் குலைக்கிறது. இந்தச் சங்கிலியை ஹார்மோன் மாத்திரை ஆண்ட்ரோஜன் பக்கத்தில் பிடிக்கிறது, மெட்ஃபார்மின் இன்சுலின் பக்கத்தில் பிடிக்கிறது.

தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று ட்வீசரால் தாடை முடியைப் பிடுங்குவதுதான் உங்கள் வேதனை என்றால், என் ஓட்டு ஹார்மோன் மாத்திரைக்கு. சினைப்பை சுரக்கும் ஆண்ட்ரோஜனை அது குறைக்கிறது. ரத்தத்தில் மிச்சம் அலைவதைப் பிடித்துவைக்கும் புரதத்தையும் கூட்டுகிறது. பொறுமை மட்டும் வேண்டும். முடி விஷயத்தில் ஆறு மாதமாவது ஆகாமல் பலன் தெரியாது, ஏற்கெனவே தடித்துவிட்ட முடிக்கு லேசர் போன்ற வழிகளும் தேவைப்படலாம். இதில் மாதாமாதம் வருவது மாத்திரையை இடைநிறுத்துவதால் வரும் ரத்தப்போக்கு, முட்டை வெளியாகி வரும் மாதவிடாய் அல்ல. மாத்திரையை நிறுத்தியதும் பழைய ஒழுங்கின்மை திரும்பலாம். எனக்குத் திரும்பியது; மாத்திரைதான் கெடுத்துவிட்டது என்று நெடுநாள் கோபமாக இருந்தேன். அது அடக்கிவைத்திருந்ததுதான் வெளியே வந்தது என்பது பிறகுதான் புரிந்தது.

எல்லோருக்கும் இது ஆகாது. முன்பு ரத்தக் கட்டு வந்தவர்கள், கண்ணில் மின்னல் கோடுகள் தெரிந்து ஒற்றைத் தலைவலி வருபவர்கள், 35 வயதுக்கு மேல் புகைபிடிப்பவர்கள் இதைத் தொடக் கூடாது. ரத்த அழுத்தத்தையும் பார்த்துவிட்டே தொடங்க வேண்டும்.

மெட்ஃபார்மினின் பலம் வேறு இடத்தில். எடை கூடுதல், கழுத்தின் பின்புறம் கறுத்துத் தடித்த தோல், சர்க்கரை எல்லைக்கோட்டில், வீட்டில் சர்க்கரை நோய் என்றிருந்தால் இதுவே பொருத்தம். முடிக்கும் பருவுக்கும் இதை நம்ப வேண்டாம், அங்கே பலன் சொற்பம். முதல் வாரங்களில் வயிறு படுத்தும். எடுத்ததும் முழு அளவு கொடுத்ததால் நான் பத்து நாளில் கைவிட்டேன். இரண்டாம் முறை 500 மில்லிகிராமில் தொடங்கி, சாப்பாட்டின் நடுவே விழுங்கி, ஓரிரு வாரத்துக்கு ஒரு முறை ஏற்றியபோது வயிறு ஒத்துக்கொண்டது. மெதுவாகக் கரையும் வகை இன்னும் சாது. பல வருடம் எடுத்தால் பி12 குறையலாம், சோதித்துக்கொள்ளுங்கள். அப்புறம் பலர் சொல்லாத ஒன்று: இது முட்டை வெளியேற்றத்தைத் திரும்பக் கொண்டுவரக்கூடும். குழந்தை இப்போது வேண்டாம் என்றால் தனியாகப் பாதுகாப்பு தேவை.

இரண்டையும் சேர்த்தும் கொடுப்பதுண்டு. இரண்டும் வேண்டாம் என்பவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்வேன்: கர்ப்பம் இல்லாமல் 90 நாள் தாண்டியும் மாதவிடாய் வரவில்லையென்றால் சும்மா இருக்காதீர்கள். கருப்பையின் உட்சுவர் உதிராமல் தடித்துக்கொண்டே போவது பின்னாளில் புற்றுநோய்வரை கொண்டுபோகலாம். அவ்வப்போது சில நாள் மட்டும் புரோஜெஸ்டோஜன் என்ற ஹார்மோன் மாத்திரையைத் தனியாகச் சாப்பிட்டு ரத்தப்போக்கை வரவழைப்பதும் ஒரு வழி.

உணவும் நடையும் மருந்துக்குப் போட்டியல்ல, எந்த மருந்தோடும் கூடவே ஓட வேண்டியவை. எடை அதிகமுள்ளவர்களுக்கு ஐந்து சதவீதம் குறைந்தாலே மாதவிடாயில் மாற்றம் தெரியலாம். இன்ன டயட்தான் சிறந்தது என்று எதுவும் நிரூபணமாகவில்லை, ஆகவே விட்டுவிடாமல் தொடர முடிகிறதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பலர் வாங்கிச் சாப்பிடும் இனோசிட்டால் என்ற துணை உணவு பெரிதாகக் கெடுதல் செய்யாது, ஆனால் ஆதாரம் மெலிது.

குழந்தைக்கு முயல்பவர்களுக்குப் போட்டியே வேறு, முட்டையை வெளியேறவைக்கும் இரண்டு மாத்திரைகளுக்கு நடுவே: குளோமிஃபீனா, லெட்ரோசோலா? 2014இல் 750 பெண்களிடம் நடந்த அமெரிக்க ஆய்வில் லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது, குளோமிஃபீனில் 19.1 சதவீதம். இன்று முதலில் எடுப்பது லெட்ரோசோல்தான். உங்களுக்கு இன்னும் குளோமிஃபீனே எழுதித் தந்தால், ஏன் என்று தயங்காமல் கேளுங்கள்.