டெலிகாஸ்டருக்கு எலக்ட்ரோசாக்கெட்: இடம் சரி, பிடிமானமும் இப்போது சரி

ஃபெண்டர் கம்பெனியின் எலக்ட்ரிக் கிட்டாரான டெலிகாஸ்டரின் வடிவத்தில் உள்ள கிட்டாருக்கு முதலில் என்ன மாற்றலாம் என்று யாராவது கேட்டால், கம்பியின் அதிர்வைச் சிக்னலாக்கும் பிக்கப், கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் என்று ஆரம்பிக்க மாட்டேன். கேபிள் சொருகும் ஜாக்கைத் தாங்கும் சின்ன உலோகப் பாகத்தை மாற்றச் சொல்வேன். எலக்ட்ரோசாக்கெட் என்று ஒன்று கிடைக்கிறது. அலுமினியத்தில் கடைந்தது, இரண்டே ஸ்க்ரூ. மெல்லிசை மேடைகளில் வாசிக்கிற என் கிட்டாரில் இதைப் போட்ட பிறகு கேபிளைப் பற்றிய கவலையே விட்டுப்போயிற்று.

இது ஏன் தேவைப்படுகிறது என்பதைச் சொல்ல வேண்டும். 1950இல் லியோ ஃபெண்டரின் பட்டறையிலிருந்து இந்தக் கிட்டார் வந்தபோதே ஜாக் பாடியின் கீழ்ப்பக்க ஓரத்தில்தான் இருந்தது. முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேலே, அதாவது 7/8 அங்குலத்துக்கு ஒரு துளை. அதற்குள் ஒரு உலோகக் கிண்ணம். அந்தக் கிண்ணத்துக்கு ஸ்க்ரூ கிடையாது. உள்ளே வளைந்த தகடு ஒன்று இரண்டு முனையாலும் மரத்தைக் கடித்துக்கொண்டு நிற்கும். ஜாக்கின் நட்டை முடுக்கும்போது கிண்ணமும் ஜாக்கும் அந்தத் தகட்டோடு சேர்ந்து இறுகும். புதிதாக இருக்கும்வரை நன்றாகத்தான் இருக்கும். சொருகிப் பிடுங்கிப் பல மாதம் ஆனதும் தகடு மரத்தில் தளர்ந்துவிடும். அப்புறம் கிண்ணம் சுற்றும், ஜாக் சுற்றும், உள்ளே ஒயர் முறுக்கிக்கொள்ளும். கடைசியில் சால்டர் விட்டுப்போகும். வெளியிலிருந்து நட்டை மட்டும் ஸ்பேனரால் முடுக்கினால் முறுக்கு இன்னும் கூடும். என் கிட்டார் வேறொரு கம்பெனியின் தயாரிப்பு, அதிலும் இதே கிண்ணம்தான். ஒரு கச்சேரியில் பாட்டின் நடுவே கரகரவென்று சத்தம் வந்து, பிறகு சுத்தமாக நின்றே போனது.

எலக்ட்ரோசாக்கெட் அதே துளையில்தான் உட்கார்கிறது. மரத்தை வெட்ட வேண்டியதில்லை. பழைய நட்டைக் கழற்றிக் கிண்ணத்தை எடுத்து, கடித்துக்கொண்டிருக்கும் தகட்டையும் பிடுங்கிவிட வேண்டும். புதியதை வைத்து இரண்டு ஸ்க்ரூவுக்கும் இடம் குறித்துக்கொண்டு, மெல்லிய துளை போட்ட பிறகே முடுக்குங்கள். துளை போடாமல் நேராக முடுக்கினால் ஓரத்து மரம் பிளக்கலாம். ஸ்க்ரூ மரையில் கொஞ்சம் சோப்புத் தடவினால் சுலபமாக இறங்கும். கவனிக்க வேண்டிய இன்னொன்று: துளையின் உள்சுவரில் இரைச்சலைத் தடுக்கும் செப்புத்தாளோ கருப்பு ஷீல்டிங் பெயின்ட்டோ இருந்தால், பிளக்கின் நுனியைத் தொடும் ஸ்ப்ரிங் அந்தச் சுவரில் படாதபடி ஜாக்கைத் திருப்பி வையுங்கள். பட்டால் சிக்னல் கிரவுண்டுக்குப் போய்விடும், கிட்டார் ஊமையாகிவிடும். பிளக்கைச் சொருகிய நிலையிலேயே இதைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சொருகும்போதுதான் ஸ்ப்ரிங் வெளியே தள்ளும்.

சரி, ஜாக் ஓரத்தில் இருப்பதே நல்லதா? நான் வாசித்துப் பார்த்தவற்றில் ஓரம்தான் நல்லது என்று உறுதியாகச் சொல்வேன். 1958இல் வந்த கிப்சன் இ.எஸ்-335, 1961இல் வந்த எஸ்.ஜி. வடிவம் இரண்டிலும் ஜாக் முன்முகத்தில் இருக்கிறது. நேர் பிளக் அங்கே வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். தொங்கும் கேபிளை யாராவது மிதித்தால் அந்த பிளக் நெம்புகோலாகி மரத்தைப் பெயர்க்கும். 335இன் மேற்பலகை மெல்லிய அடுக்கு மேப்பிள் மரம் என்பதால் அங்கே பயம் அதிகம். அந்தக் கிட்டார்களுக்கு எல் வடிவ பிளக்தான் போட வேண்டும். ஃபெண்டரின் இன்னொரு கிட்டாரான ஸ்ட்ராடோகாஸ்டரில் ஜாக்கைத் தாங்கும் படகு வடிவத் தட்டு வேறு மாதிரி. 1954இலிருந்து அது முகத்தில்தான் இருக்கிறது, ஆனால் சாய்த்துக் குழித்திருக்கிறார்கள். இழுபட்டால் நேர் பிளக் கழன்று வந்துவிடும், எதுவும் உடையாது. மிக அழகான யோசனை அது. எல் பிளக் மட்டும் அதில் ஒழுங்காக உட்காராது. கிப்சனின் லெஸ் பால் கிட்டாரில் ஓரத்திலேயே சதுரத் தட்டு, நான்கு ஸ்க்ரூ. பிளாஸ்டிக் தட்டாக இருந்தால் விரிசல் விடும், உலோகத்துக்கு மாற்றிவிடுங்கள்.

ஓரத்து ஜாக்கின் பெரிய வசதி, ஸ்ட்ராப் பித்தான் பக்கத்திலேயே இருப்பது. கேபிளை ஸ்ட்ராப்புக்கும் பாடிக்கும் இடையே ஒரு சுற்று விட்டுச் சொருகினால், இழுபடும் பாரம் ஜாக்குக்கு வராது. உட்கார்ந்து வாசிக்கும்போது நேர் பிளக் நாற்காலியில் இடிக்கத்தான் செய்யும், அதற்கும் எல் பிளக் போதும். எலக்ட்ரோசாக்கெட் போட்டதிலிருந்து நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

சாதாரணக் கிண்ணத்தைவிட விலை கூடுதல்தான். மேடையில் வாசிப்பவருக்கு அது தகும். வீட்டில் எப்போதாவது வாசிப்பவர், கிண்ணம் இன்னும் இறுக்கமாக இருந்தால் அவசரப்பட வேண்டாம். ஐம்பதுகளின் அசல் கிட்டாரை வைத்திருப்பவர் அதில் புதிதாக ஸ்க்ரூத் துளை போடவே கூடாது. பழைய தகட்டை மறுபடி மரத்தில் கடிக்கவைக்கத் தனிக் கருவி கிடைக்கிறது, அதை வாங்கிக்கொள்ளட்டும்.