லூமியாவோடு ஆறரை வருடம்: மூன்றாவது ஓ.எஸ். ஒன்றால் நிற்க முடியுமா?

2013 ஜூலையில் நோக்கியாவின் லூமியா 520 வாங்கினேன். 2019 டிசம்பர் கடைசி வரை என் சட்டைப் பையில் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் ஓடும் விண்டோஸ் போன்தான் இருந்தது. நடுவில் ஒருமுறை லூமியா 640-க்கு மாறினேன், அவ்வளவுதான். அதனால் புதிதாக ஏதாவது ஓ.எஸ். (போனை இயக்கும் அடிப்படை மென்பொருள்) பற்றிச் செய்தி வந்தால் நண்பர்கள் என்னிடம் கேட்பார்கள்: ஆண்ட்ராய்டும் ஐபோனும் இருக்கிற சந்தையில் மூன்றாவதாக ஒன்று வந்து நிற்குமா? நிற்கும் என்றுதான் இன்றும் சொல்கிறேன். விண்டோஸ் போன் தோற்றதற்கு அது மோசமான போன் என்பது காரணமில்லை. அன்றாடம் அதை வைத்துப் பிழைப்பு நடத்தியவன் என்பதால் இதை உறுதியாகச் சொல்ல முடிகிறது.

நான் மெடிக்கல் ரெப், மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதி. திருநெல்வேலி ஹெட்குவார்ட்டர்ஸ். அம்பாசமுத்திரம், வள்ளியூர், தென்காசி எக்ஸ்-ஸ்டேஷன், அதாவது அன்றே போய்த் திரும்பும் ஊர்கள். சங்கரன்கோவில், ராஜபாளையம் பக்கம் போனால் ராத்திரி தங்கல். எல்லாம் பைக்கில்தான். சம்பளத்துக்கும் சாலைக்கும் தாங்குகிற போனாக இருக்க வேண்டும் என்பதுதான் அன்றைக்கு என் ஒரே நிபந்தனை. பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே கிடைத்தது 520. நான்கு அங்குலத் திரை, 512 எம்.பி. ராம், 8 ஜி.பி. உள்நினைவு, மெமரி கார்டு போட இடம். ஃபிளாஷ் இல்லை, முன்பக்கக் கேமரா இல்லை. காகிதத்தில் பார்த்தால் அதே விலைக்கு ஆண்ட்ராய்டில் இதைவிடக் கூடுதலாகவே கிடைத்தது.

கையில் எடுத்தால் கதை வேறு. அந்த 512 எம்.பி.யில் அது ஓடிய ஓட்டத்தை இன்றுவரை நான் மறக்கவில்லை. விரலால் தள்ளினால் தள்ளிய வேகத்துக்குத் திரை வழுக்கிக்கொண்டு போகும், எங்கும் தட்டாது. முகப்பில் இருந்த டைல்கள் (ஆப்களுக்கான சதுரக் கட்டங்கள்) தாமே புரண்டு செய்தி சொல்லும். ஏரியா மேனேஜர் மெயில் போட்டாரா, எத்தனை மிஸ்டு கால், நாளைக்கு எந்த ஊர் என்பதெல்லாம் போனைத் திறந்த ஒரு பார்வையில் தெரிந்துவிடும். பைக்கை ஓரம் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே பார்த்துவிட்டுக் கிளம்பலாம். கையுறை போட்ட விரலுக்கும் அந்தத் திரை வேலை செய்தது. மழைக்காலத்தில் அதன் அருமை தெரியும்.

ரெப் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், நம் பொழுதில் பாதி டாக்டர் வாசலில் போய்விடும். ராத்திரி எட்டரைக்கு மேல் கடைசி பேஷண்ட் வெளியே வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் ஸ்டாக்கிஸ்ட் (மருந்து மொத்த வியாபாரி) அனுப்பிய குளோசிங் ஸ்டாக்கை, அதாவது கையிருப்புக் கணக்கை, எக்ஸெலில் திறந்து பார்ப்பேன். வேர்டு, எக்ஸெல், பவர்பாயிண்ட், ஒன்நோட் எல்லாம் போனோடேயே இலவசமாக வந்தன. அந்தக் காலத்தில் மற்ற போன்காரர்களுக்கு அது வாய்க்கவில்லை. ஒன்நோட்டில் டாக்டர் வாரியாக ஒரு பக்கம் வைத்திருந்தேன்: எந்தக் கிழமை பார்ப்பார், எந்த மருந்து எழுதுகிறார், போன தடவை என்ன கேட்டார், மகன் எந்தக் கல்லூரியில் சேர்ந்தான். வீட்டுக்குப் போய் டி.சி.ஆர். (அன்றாடம் யாரைப் பார்த்தோம் என்ற அறிக்கை) எழுதுகிற வேலை பாதியாகக் குறைந்தது.

அதைவிடப் பெரிய உபகாரம் ஹியர் மேப் என்ற வரைபட ஆப். தமிழ்நாடு முழுவதையும் வீட்டு வைஃபையில் இறக்கி போனில் வைத்துக்கொள்ளலாம். அப்புறம் நெட் வேண்டாம், சிக்னல் வேண்டாம். காரையார் பக்கம், களக்காட்டுக்கு மேற்கே, சிவகிரி உள்சாலைகளில் எல்லாம் டவர் போய்விடும், அந்த வரைபடம் போகாது. டேட்டாவுக்குக் கணக்குப் பார்த்துச் செலவழித்த வருடங்கள் அவை. புதிய ஊரில் புதிய கிளினிக்கைத் தேடுகிறவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று இன்று தினம் இரண்டு ஜி.பி. வைத்திருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதன் பேட்டரி பி.எல்-5ஜே. நோக்கியா 5800, 5230 போன்ற பழைய போன்களிலும் இருந்த அதே பேட்டரி. எந்த ஊர் மொபைல் கடையிலும் தொங்கும். பின்மூடியை நகத்தால் நெம்பினால் கழன்று வந்துவிடும். நான் எப்போதும் இரண்டாவது பேட்டரி ஒன்றைச் சாம்பிள் பையில் வைத்திருந்தேன்.

இவ்வளவு இருந்தும் ஏன் நிற்கவில்லை என்பதுதான் கேள்வி.

ஆப் இல்லாததால் தோற்றது என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் பாதி உண்மை. யூடியூபுக்கு கூகுள் ஆப் தரவில்லை. மைக்ரோசாஃப்ட் தானே ஒன்றை எழுதி 2013 மே மாதம் வெளியிட்டது, அதே மாதம் கூகுள் அதை எடுக்கச் சொல்லி நோட்டீஸ் அனுப்பியது. 2014 மே மாதத்தில் வாட்ஸ்அப்பே ஸ்டோரிலிருந்து இரண்டு வாரம் போலக் காணாமல் போய், பிறகு திரும்பி வந்தது. ஏற்கெனவே போட்டு வைத்திருந்ததால் எனக்குச் சிக்கல் வரவில்லை. ஆனால் என் பிழைப்பு எந்த நூலில் தொங்குகிறது என்று அந்த இரண்டு வாரத்தில் தெரிந்தது. மருந்துக்கடை அண்ணாச்சிகள் எல்லோரும் அதற்குள் ஆர்டரை வாட்ஸ்அப்பில் போட ஆரம்பித்திருந்தார்கள். பேப்பரில் எழுதி, போட்டோ எடுத்து, "தம்பி, இதப் பாத்துக்கிடுங்க" என்று ஒரு வரி.

ஆனால் ஆப் ஏன் வரவில்லை? ஆள் இல்லாததால் வரவில்லை. ஆள் ஏன் சேரவில்லை? இங்கேதான் என் கருத்து மற்றவர்களிடமிருந்து மாறுகிறது. சேர்ந்த ஆட்களை அந்தத் தளம் ஒவ்வொரு முறையும் வழியில் இறக்கிவிட்டது.

வரிசையாகப் பாருங்கள். 2011 பிப்ரவரியில் நோக்கியா தன் பழைய ஓ.எஸ். ஆன சிம்பியனைக் கைவிட்டு மைக்ரோசாஃப்டோடு கைகோத்தது. அந்த வருடக் கடைசியில் லூமியா 800 இந்தியாவுக்கு வந்தது, முப்பதாயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில். அமெரிக்காவில் லூமியா 900 விற்பனைக்கு வந்தது 2012 ஏப்ரலில். ஜூனில், அதாவது இரண்டே மாதத்தில், விண்டோஸ் போன் 8 அறிவிப்பு வந்தது. ஓ.எஸ்.-ஸின் அடித்தளமான கர்னலையே மாற்றிவிட்டதால் பழைய போன்களுக்கு 8 கிடைக்காது, 7.8 என்று ஒரு சின்ன அப்டேட் மட்டும் உண்டு என்றார்கள். முதல் ஆளாக நம்பி வாங்கியவன் எல்லோரும் அங்கேயே நின்றுபோனான்.

எட்டில் சேர்ந்தவர்களுக்கு ஒரு நல்ல காலம் இருந்தது, மறுக்க மாட்டேன். 520-க்கு 8.1 வரை ஒழுங்காக வந்து சேர்ந்தது. நோட்டிஃபிகேஷன் இழுத்துப் பார்க்கும் வசதியும், விரலை எடுக்காமல் எழுத்துகளின் மேல் இழுத்தே தட்டச்சு செய்யும் கீபோர்டும் வந்தபோது பழைய போன் புதுப்போன் ஆனது போல இருந்தது. அதன் பிறகு விண்டோஸ் 10 மொபைல். 2016 மார்ச்சில் பழைய போன்களுக்கு வந்தபோது வெளியான பட்டியலில் 520 இல்லை. விண்டோஸ் போன்களிலேயே அதிகம் விற்ற மாடல் அது. அந்தத் தளத்தின் ஜனத்தொகையே அதில்தான் இருந்தது. நான் அதற்குள் 640-க்கு வந்திருந்ததால் எனக்கு 10 கிடைத்தது. அதே மார்ச் மாதத்தில் ஹியர் நிறுவனம் விண்டோஸ் 10-லிருந்து தன் ஆப்களை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டது. மைக்ரோசாஃப்டின் சொந்த மேப்பில் ஆஃப்லைன் வசதி இருந்தது, அதை வைத்துச் சமாளித்தேன். ஆனாலும் மேலே ஏற ஏற, எதற்காக இந்தப் போனை வாங்கினோமோ அது குறைந்துகொண்டே வந்தது.

ஆப் எழுதுகிறவர்கள் நிலையும் இதேதான். ஏழுக்கு ஒரு முறை, 8.1-க்கு ஒரு முறை, பத்துக்கு ஒரு முறை என்று எழுதிய அடிப்படையே மாறியது. நாலு பேர் இருக்கிற ஊருக்கு மூன்று தடவை கடையை இடித்துக் கட்டச் சொன்னால் எந்த வியாபாரி கட்டுவான்?

நான் கம்பெனியிலும் களத்திலுமாக பதினோரு பேரை 520 வாங்க வைத்தேன். விளம்பரம் பார்த்து யாரும் வாங்கவில்லை. ஓ.பி. பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து என் கையில் பார்த்துத்தான் வாங்கினார்கள். புதிய தளத்துக்கு விற்பனைப் பிரதிநிதி என்றால் அது முதலில் வாங்கியவன்தான். மருந்திலும் அப்படித்தான். ஒரு புது மாலிக்யூல் (மருந்து மூலப்பொருள்) வந்தால் ஊரில் முதலில் எழுதுகிற ஒன்றிரண்டு டாக்டர்களை நம்பித்தான் மற்றவர்கள் எழுதுவார்கள். அந்த டாக்டருக்குச் சப்ளை தடைபட்டால் அந்த ஊரில் பிராண்டை மறந்துவிட வேண்டியதுதான். 2016-க்குப் பிறகு நான் யாரிடமும் விண்டோஸ் போன் வாங்குங்கள் என்று சொல்லவில்லை, சொல்ல மனம் வரவில்லை.

விலைக் கொள்கையும் பிந்தித்தான் திருந்தியது. ஆண்ட்ராய்டைக் கைபேசிக் கம்பெனிகள் காசில்லாமல் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் விண்டோஸுக்கு லைசென்ஸ் கட்டணம் இருந்தது. சின்னத் திரைச் சாதனங்களுக்கு இலவசம் என்று அறிவித்தது 2014 ஏப்ரலில். மைக்ரோமேக்ஸ் போன்றவர்கள் அதன் பிறகுதான் வந்தார்கள். அதற்குள் சந்தை கெட்டிப்பட்டுவிட்டது.

அந்தக் காலக்கட்டத்தை நினைக்கும்போது ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையை விட்டுவிட்டுப் பேச முடியவில்லை. நோக்கியாவின் கைபேசிப் பிரிவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலில் எடுத்துக்கொண்டபோது, வரி வழக்கினால் அந்த ஆலை மட்டும் கைமாறாமல் நின்றது. அதே வருடம் நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி நின்றது. எங்கள் மாவட்டத்திலிருந்தும் பிள்ளைகள் அங்கே வேலைக்குப் போயிருந்தார்கள். ஒரு ஓ.எஸ். பிடிக்குமா பிடிக்காதா என்பது சிலருக்கு வெறும் விவாதம். சிலருக்கு மாதச் சம்பளம்.

எனக்குக் கடைசியில் நெருக்கடி கொடுத்தது பணம். 2016 நவம்பர் 8 ராத்திரி நோட்டு செல்லாது என்று அறிவித்த பிறகு, டிசம்பர் 30-ஆம் தேதி, போனிலேயே பணம் அனுப்பும் பீம் ஆப் வந்தது. ஆண்ட்ராய்டுக்கு வந்தது, பிறகு ஐபோனுக்கு வந்தது, விண்டோஸுக்கு வரவே இல்லை. நான் கணக்கு வைத்திருந்த வங்கியின் விண்டோஸ் ஆப்பும் ஒருநாள் சொல்லாமல் நின்றுபோனது. கிளையில் கேட்டதற்கு, ஆண்ட்ராய்டு போன் வாங்கிக்கோங்க சார் என்றார்கள். மறுவருடம் கம்பெனி ரிப்போர்ட்டிங் எல்லாம் டேபுக்கு மாறியது, அதுவும் ஆண்ட்ராய்டு. போன் ஒரு பக்கம், டேப் ஒரு பக்கம், பர்ஸில் ரொக்கம் ஒரு பக்கம் என்று இரண்டரை வருடம் ஓட்டினேன். ஆலங்குளத்தில் டீ குடித்த இடத்தில் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் கடையில் ஒட்டியிருந்த அட்டையைப் போனில் ஸ்கேன் செய்து பணம் கட்டிவிட்டுப் போக, நான் மட்டும் சில்லறைக்குக் காத்து நின்ற நாள்கள் உண்டு. என் போனில் ஒரு கோளாறும் இல்லை. அதைச் சுற்றி இருந்த ஊர் வேறு இடத்துக்குக் குடிபோய்விட்டது.

அப்படியானால் நிற்கும் என்று ஏன் சொல்கிறேன்? ஆண்ட்ராய்டே 2008-இல் புதுசாக வந்ததுதான். சிம்பியனும் பிளாக்பெர்ரியும் கோலோச்சிய காலம் அது. ஜியோபோனைப் பாருங்கள். ஃபயர்ஃபாக்ஸ் ஓ.எஸ். மிச்சத்திலிருந்து வந்த கைஓஎஸ் அதில் ஓடியது. 1,500 ரூபாய் டெபாசிட்டில் 2017-இல் வந்தது, 2018-இல் வாட்ஸ்அப் வந்து சேர்ந்தது. ஸ்மார்ட்போன் வாங்காத வீடுகளுக்குள் அது போனது. சீனாவில் ஹுவாவே தன் ஹார்மனி ஓ.எஸ்.-ஸை 2024 அக்டோபரில் ஆண்ட்ராய்டு ஆப்கள் ஓடாத தனித் தளமாகவே வெளியிட்டது. அங்கே ஒருவன் காலை முதல் இரவு வரை தொடும் ஆப்களை முதலில் எழுத வைத்த பிறகு செய்த வேலை அது. மாறாக, டைசன் (Tizen) என்ற தனி ஓ.எஸ். ஓடிய சாம்சங் போன் 2015 ஜனவரியில் 5,700 ரூபாய்க்கு இங்கே வந்ததே, இன்று யாருக்கு நினைவிருக்கிறது?

பார்ஓஎஸ் (BharOS) பற்றிக் கேட்பவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். 2023 ஜனவரியில் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்திலிருந்து வந்த முயற்சி. ஆண்ட்ராய்டின் திறந்த மூல நிரலின் (யாரும் எடுத்துக்கொள்ளலாம்) மேல் கட்டியது, வேண்டாத ஆப்கள் இல்லாமல் வருவது. நன்றாக வரட்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். ஆனால் வாங்கும் முன் இரண்டு விஷயம் பார்ப்பேன்: என் வங்கி ஆப் அதில் ஓடுகிறதா, இன்று வாங்கும் போனுக்கு எத்தனை வருடம் அப்டேட் என்று எழுத்தில் தருகிறார்களா. திரை, கேமரா எல்லாம் அப்புறம்.

விண்டோஸ் போனில் வாட்ஸ்அப் 2019 டிசம்பர் 31-ஓடு நிற்கும் என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். 28-ஆம் தேதி ஆண்ட்ராய்டுக்கு மாறினேன். விண்டோஸிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு வாட்ஸ்அப் உரையாடல்களை நேரடியாக எடுத்துப் போக வழி இல்லை. முக்கியமானவற்றை மட்டும் ஒவ்வொன்றாக மெயிலுக்கு அனுப்பி வைத்துக்கொண்டேன். ஒன்நோட் மட்டும் புதுப் போனில் கணக்கைப் போட்டதும் டாக்டர் பக்கங்கள் அத்தனையோடும் அப்படியே வந்து நின்றது.

இரண்டு நாள் கழித்து வண்ணார்பேட்டைக் கடைக்குப் போயிருந்தேன். மேசை மேல் வைத்த புதுப் போனை அண்ணாச்சி எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அந்தப் பழைய போன் எங்க தம்பி?"

"வீட்டுல இருக்கு அண்ணாச்சி. மாத்திட்டேன்."

கல்லாவில் ஒட்டியிருந்த அட்டையைக் காட்டினார். "அப்ப இனிமே இத ஸ்கேன் பண்ணிருவியளா?"

"பண்ணிருவேன் அண்ணாச்சி" என்றேன். வீட்டுக்கு வாங்கிய மாத்திரைக்கு நூற்றுப் பன்னிரண்டு ரூபாய். முதல் முறை அனுப்பினேன்.