சைக்கிளுக்கு நெடுஞ்சாலை வேண்டாம், கே.ஆர்.பி. அணைப் பக்கம் திருப்புங்கள்

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் புதிதாக சைக்கிள் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் ஏறுவது தேசிய நெடுஞ்சாலையில்தான். தார் வழவழவென்று இருக்கிறது, குழி இல்லை, வேகமாகப் போகலாம் என்கிற நினைப்பு. என்னைக் கேட்டால் இரண்டு மாவட்டத்திலும் சைக்கிளுக்கு ஆகவே ஆகாத இடம் அதுதான். சென்னை, பெங்களூரு, சேலம், திருவண்ணாமலை என்று எல்லாப் பக்கத்து லாரியும் கிருஷ்ணகிரியில் வந்து சேர்கிறது. ஓரமாக நிறுத்தியிருக்கிற லாரியைத் தாண்ட நாம் கொஞ்சம் உள்ளே வர வேண்டும், சரியாக அந்த நேரம் பார்த்து பின்னாலிருந்து ஏர் ஹாரன் அடித்தால் கை ஆடிப்போகும். தொப்பூர் கணவாய் இன்னும் மோசம். இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் லாரி மோதிய செய்தி திரும்பத் திரும்ப வருகிற இடம், சைக்கிளோடு அங்கே போகாதீர்கள்.

நான் எல்லோரையும் அனுப்புவது கே.ஆர்.பி. அணைக்கு, அதாவது கிருஷ்ணகிரி நீர்த்தேக்கத் திட்ட அணைக்கு. தென்பெண்ணைக்குக் குறுக்கே 52 அடி உயர அணை, அதிலிருந்து இடது, வலது என இரண்டு கால்வாய் பிரிந்து 9,012 ஏக்கருக்குத் தண்ணீர் போகிறது. சைக்கிள்காரனுக்கு அணையைவிட இந்தக் கால்வாய்கள்தான் முக்கியம். தண்ணீர் தானாக ஓட வேண்டும் என்பதால் கால்வாயை மேடு பள்ளத்தில் ஏற்றி இறக்காமல் மட்டம் பார்த்து வெட்டியிருப்பார்கள், அதனால் அதை ஒட்டிப் போகிற பாதையிலும் ஏற்றம் என்று ஒன்று தெரியாது. ஒரு பக்கம் நெல், ஒரு பக்கம் தென்னை, பெரியமுத்தூர் பக்கம் போனால் நடுவில் டீக்கடையும் கிடைக்கும். மாற்றுக் கியர் இல்லாத பழைய சைக்கிளே போதும், பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் தைரியமாகக் கூட்டிப் போகலாம். சில இடங்களில் தார் முடிந்து மண்பாதையாகிவிடும், மழை பெய்த மறுநாள் மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறிய பிறகு பூங்காவுக்கும் மீன் வறுவலுக்கும் வருகிற கார்கள் அணைச் சாலையை அடைத்துவிடும், அதற்குள் சுற்றிவிட்டு மீனையும் சாப்பிட்டுக் கிளம்பிவிடுவது நல்லது. (ஓசூர்க்காரர்கள் கெலவரப்பள்ளி அணையைச் சொல்வார்கள். இதே ஆறுதான், ஆனால் அங்கே தண்ணீர் திறக்கும்போது நுரை பொங்கி அடிக்கிற நாற்றத்தில் மூச்சு வாங்கி மிதிக்க முடியாது.)

கால் தேறிவிட்டது, ஏற்றம் வேண்டும் என்றால் வத்தல்மலை. தருமபுரியிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர், இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள், மேலே சில்வர் ஓக் நிழலில் காப்பியும் மிளகும். ஏறுவதற்கு பல் அதிகமுள்ள பின் கியர் கட்டாயம். ஆனால் உண்மையான சோதனை இறங்கும்போதுதான். பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சூடேறி, டியூப் வெடிக்கக்கூட வாய்ப்பு உண்டு. விட்டுவிட்டுப் பிடியுங்கள், வேகத்தை வளைவுக்கு முன்னாலேயே குறைத்துவிடுங்கள், திரும்பும்போது பிரேக்கைத் தொடாதீர்கள். வளைவுக்கு அந்தப் பக்கம் பேருந்து வரலாம் என்றே வைத்துக்கொண்டு இடது ஓரத்தில் இறங்குங்கள்.

அப்புறம் பாப்பாரப்பட்டி. சுப்பிரமணிய சிவா 1925-இல் காலமான ஊர், அவர் நினைவிடம் அங்கே இருக்கிறது. தருமபுரியிலிருந்து ஒரு காலைப் பொழுதில் போய்வர அளவான தூரம். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து காற்று ஆளைத் தள்ளும், காலையில் எதிர்க்காற்றில் போனால் களைத்துத் திரும்பும்போது அதே காற்று முதுகில் கைகொடுக்கும். சாலையோரம் சீமைக் கருவேலம் வெட்டிப் போட்டிருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், அந்த முள் எந்த டயரையும் விடாது. மாற்று டியூபும் சின்ன பம்ப்பும் பையில் இல்லாமல் கிராமச் சாலைக்குப் போக வேண்டாம்.

ஒகேனக்கல்லை நிறையப் பேர் கேட்கிறார்கள். பென்னாகரம் வரை தாராளமாக ஓட்டலாம். அதற்கப்புறம் காட்டுக்குள் இறங்குகிற சாலை, யானை நடமாடுகிற இடம், திரும்பி வரும்போது அத்தனையும் ஏற்றம். நன்றாக விடிந்த பிறகு நாலு பேராகப் போங்கள், மதியம் சாயும் முன்பே மேலே ஏறத் தொடங்கிவிடுங்கள். தனியாகப் போகிறவர்கள் சைக்கிளைப் பென்னாகரத்தில் விட்டுவிட்டுப் பேருந்து பிடிப்பதே சரி.