தனியே செல்வதா, குடும்பத்தோடு குடியேறுவதா?

2020-இல் பிறந்த நாட்டுக்கு வெளியே சுமார் 28 கோடிப் பேர் வாழ்ந்ததாக ஐ.நா. மதிப்பிட்டது. கூலி வேறுபாடு, போர், படிப்பு, திருமணம் எனக் காரணங்கள் பல. எனினும் ஒருவர் மட்டும் போவதா, எல்லோரும் போவதா என்பதைப் பெரும்பாலும் விருப்பத்தைவிட விசா விதிகளே தீர்மானிக்கின்றன.

தனியே செல்பவரின் சம்பளத்தில் பெரும்பகுதி வீட்டுக்கு வருவதால் கடன் அடைகிறது, பிள்ளைகளின் படிப்பும் தடைபடுவதில்லை. பணம் அனுப்பும் கட்டணத்தை 2030-க்குள் 3 விழுக்காட்டுக்குக் கீழே குறைப்பது ஐ.நா.வின் இலக்கு, உலகச் சராசரியோ 6 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. ஆனால் கணக்கில் வராத செலவு வேறு: திரையில் மட்டுமே பார்த்த தந்தை நேரில் வந்து கை நீட்டும்போது, குழந்தை தாயின் பின்னால் ஒளிந்துகொள்கிறது. வங்கி, பள்ளி, மருத்துவம் என அனைத்தையும் தனியாக முடிவெடுத்துப் பழகிய மனைவிக்கும், திரும்பி வந்து பழைய இடத்தை எதிர்பார்க்கும் கணவருக்கும் இடையே எழும் உரசலைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

குடும்பத்தோடு சென்றால் பிரிவில்லை. ஆனால் வாடகையில் சேமிப்பு கரையும், முதிய பெற்றோர் தனித்துவிடுவர். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003 ஆணை குடும்ப இணைவை, அதாவது குடியேறியவர் குடும்பத்தை அழைத்துக்கொள்வதை, உரிமையாக ஏற்றாலும், போதிய வருமானத்தையும் வீட்டையும் நிபந்தனையாக்க நாடுகளுக்கு இடமளிக்கிறது. புதிய மொழியை முதலில் பிடித்துக்கொள்வது பிள்ளைகள்தான். மருத்துவர் சொல்வதைத் தாய்க்குப் பத்து வயதுச் சிறுமி மொழிபெயர்க்கிறாள்.

முடிவுத் தேதி உறுதியான குறுகிய ஒப்பந்தத்துக்குத் தனியே செல்வதே மேல். புதுப்பித்துக்கொண்டே போகும் வேலையென்றால் குடும்பத்தை அழைத்துக்கொள்வதையே நான் தேர்வேன்.