கிளைட்ஸ்டேல் பெட்டைக்கு எந்த ரத்தம், எந்த வழி? நேரடிச் சேர்க்கை, குளிர்விந்து, உறைவிந்து: ஓர் அலசல்

ஸ்காட்லாந்தின் லனார்க்ஷயரில் ஒருவரிடம், சுமை இழுக்கும் கன இனமான கிளைட்ஸ்டேலில், ஒரு பெட்டைக்குதிரை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏழு வயது, தலையீற்று சிக்கலில்லாமல் முடிந்துவிட்டது. வரும் வசந்தத்தில் மீண்டும் சினையாக்க நினைக்கிறார். எந்தப் பொலிகுதிரை (இனப்பெருக்கத்துக்கான ஆண் குதிரை), எந்த முறை என்ற இரண்டு கேள்விகளுக்கு அவர் பதில் தேட வேண்டும். வளர்ப்போர் இவை இரண்டையும் தனித்தனியாகவே பேசுவது வழக்கம். முறையை முடிவு செய்தவுடனேயே ரத்தத்தில் பாதி முடிவாகிவிடுகிறது என்பது என் எண்ணம். லாரியில் ஏற்றிக்கொண்டு போய்வரக்கூடிய தூரத்தில் நிற்கும் பொலிகுதிரைகளை இந்த இனத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

முதலில் ரத்தம்.

கிளைட்ஸ்டேல் வம்சாவளித் தாள் எதை விரித்துப் பின்னோக்கிப் போனாலும் இரண்டு பெயர்கள் தவறாமல் எதிர்ப்படும். ஒன்று 1866-இல் பிறந்த பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் 673. மற்றது 1872-இல் பிறந்த டார்ன்லி 222. பெயரோடு ஒட்டியிருப்பது, 1877-இல் தொடங்கப்பட்ட கிளைட்ஸ்டேல் குதிரைச் சங்கத்தின் பதிவேட்டு எண். பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், மெர்ரிடன் பண்ணையின் லாரன்ஸ் ட்ரூவிடம் பெயர் பெற்றது. டார்ன்லி, கீர் பண்ணையில் சர் வில்லியம் ஸ்டர்லிங் மேக்ஸ்வெல்லிடம் பிறந்து, பெய்ஸ்லி அருகே டேவிட் ரிடலிடம் போய்ச் சேர்ந்தது.

நடையும் மிடுக்கும் வேண்டுமென்றால் பிரின்ஸ். பாதமும் காலும் வேண்டுமென்றால் டார்ன்லி. அக்காலத்து வளர்ப்போர் இரண்டையும் இப்படித்தான் பிரித்துப் பார்த்தார்கள். கிளாஸ்கோவின் கல் பாவிய தெருக்களில் டன் கணக்கில் சுமை இழுக்கும் குதிரைக்குக் குளம்பு அகன்று வட்டமாக இருக்க வேண்டும். குளம்புக்கு மேலுள்ள கணு நன்றாகச் சாய்ந்து அதிர்ச்சியைத் தாங்க வேண்டும். அந்த வகையில் டார்ன்லிக்கு மவுசு. பிரின்ஸின் பாட்டிகள் இருவருமே இங்கிலாந்துக் குதிரைகள் என்ற பேச்சும் அன்றே இருந்தது. ட்ரூவும் ரிடலும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இங்கிலாந்தின் ஷயர் என்ற கன இனத்தின் ரத்தத்தை இந்த இனத்துக்குள் கொண்டுவந்ததில் முக்கியப் பங்கு அவர்களுடையது. 1883-இல் தங்களுக்கென்று தனிச் சங்கமே அமைத்துக்கொண்டார்கள். தூய ரத்தம் என்று இன்று மார்தட்டுபவர்கள் இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இந்தப் போட்டியில் வென்றது யார்? ஆண் வழியைப் பார்த்தால் டார்ன்லிதான். டார்ன்லியின் மகன் டாப் காலன்ட், அவன் மகன் சர் எவரார்ட், அவன் மகன் பாரன்ஸ் பிரைட், அவன் மகன் பாரன் ஆஃப் புக்லைவி, அவன் மகன் டன்யூர் ஃபுட்பிரின்ட் என்று ஒரே கொடியில் அடுத்தடுத்துப் பெரும் பெயர்கள். பிரின்ஸின் தரப்பில் பிரின்ஸ் ராபர்ட், அவன் மகன் ஹயவாத்தா. கண்காட்சி வளையத்தில் ஹயவாத்தா சளைத்தவன் அல்லன். கிளைட்ஸ்டேல்களுக்கான காடர் கோப்பையை ஒன்றுக்கு மேற்பட்ட முறை வென்றவன். ஆனால் விவரம் தெரிந்த வளர்ப்போர் கட்சி கட்டிக்கொண்டு நிற்கவில்லை. ஒன்றின் மகள்களை மற்றொன்றுக்கு விட்டார்கள். இரண்டு ரத்தமும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டதுதான் இன்றைய கிளைட்ஸ்டேல்.

ஆகவே “இது டார்ன்லி வழி” என்று யாராவது விளம்பரம் செய்தால் அதற்காக ஒரு பவுண்டு கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை. பதினைந்து தலைமுறை பின்னால் போனால் ஒரு குதிரைக்கு 32,768 மூதாதை இடங்கள் வருகின்றன. நேர் ஆண் வழியில் அமர்ந்திருப்பது அவற்றில் ஒன்றே ஒன்று. பார்க்க வேண்டியது கடைசி ஐந்தாறு தலைமுறைகளை. உங்கள் பெட்டையின் தாளையும் பொலிகுதிரையின் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே பெயர் எத்தனை முறை திரும்ப வருகிறது என்பதை. டிராக்டர் வந்த பிறகு இந்த இனம் படு வேகமாகச் சுருங்கியது. இங்கிலாந்தில் 1946-இல் இருநூறுக்கு மேல் இருந்த உரிமம் பெற்ற பொலிகுதிரைகள் 1949-இல் 80 ஆயின. 1975 வாக்கில் பிரிட்டன் முழுவதும் இனப்பெருக்கத்துக்கு உரிய பெட்டைகள் 900-க்கும் குறைவு. அந்தக் குறுகிய வாசல் வழியாக வந்தவைதாம் இன்றைய குதிரைகள் எல்லாம். உறவே இல்லாத ஜோடி கிடைக்காது. நெருக்கம் குறைந்த ஜோடியைத் தேடலாம். கோப்பை வென்ற குதிரையைவிட, உங்கள் பெட்டைக்குத் தூரத்து உறவான, கால் நன்றாக இருக்கும் குதிரையே எனக்கு மேல்.

காலைப் பற்றி ஒரு வார்த்தை. கிளைட்ஸ்டேலின் கணுக்காலை மூடி வழியும் வெள்ளை ரோமம்தான் புகைப்படங்களில் கண்ணைப் பறிக்கிறது. அந்த ரோமத்துக்கு உள்ளேதான் வில்லங்கமும் இருக்கிறது. கைவிரல்களை ரோமத்துக்குள் நுழைத்து, குளம்புக்கு மேலே பின்பக்கத் தோலைத் தடவிப் பாருங்கள். தோல் தடித்து, மடிப்பு மடிப்பாக, முடிச்சு முடிச்சாகத் தட்டுப்பட்டால் அது நாள்பட்ட நிணநீர் வீக்கத்தின் அடையாளம். ஷயர், கிளைட்ஸ்டேல், பெல்ஜிய இனங்களில் காணும் இந்த நோய் வயது ஏற ஏற முற்றும். இதற்கு மரபணுப் பரிசோதனை எதுவும் இல்லை. எனவே மூன்று வயதுப் பொலிகுதிரையின் கால் பளிச்சென்று இருப்பது எதையும் நிரூபிக்காது. அதன் தகப்பனையும் தாயையும் பத்து, பன்னிரண்டு வயதில் பார்க்க முடிந்தால் அது எந்தத் தாளையும்விடப் பெரிய சான்று. மற்றபடி, தசையைப் பாதிக்கும் பி.எஸ்.எஸ்.எம். 1 என்ற குறை பெர்ஷெரான், பெல்ஜிய இனங்களில் பரவலாக உண்டு, கிளைட்ஸ்டேலில் அரிது. அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அமெரிக்காவில் விற்கும் எண்ணம் இருந்தால் மட்டும் நிறம் கணக்கில் வரும். பட்வைசர் பீர் நிறுவனத்தின் விளம்பர வண்டிக்குச் செம்பழுப்பு உடல், கறுப்புப் பிடரி, நான்கு வெள்ளைக் கால், முகத்தில் வெள்ளைப் பட்டை, 18 கை உயரம் (ஒரு கை நான்கு அங்குலம்) என்று எல்லாம் பொருந்த வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அந்த வண்டியை இழுப்பவை காயடித்த குதிரைகள். உலகமே பார்த்து ரசிக்கும் கிளைட்ஸ்டேல்களால் இனத்துக்கு ஒரு குட்டி கூடக் கிடைக்காது.

இனி வழிகள்.

நேரடிச் சேர்க்கைதான் இந்த இனத்தை உருவாக்கியது. ஸ்காட்லாந்தில் வட்டாரத்துக்கு வட்டாரம் பொலிகுதிரையை வாடகைக்கு அமர்த்தும் ஏற்பாட்டுக்கு 1837 முதல் எழுத்துச் சான்று உண்டு. உள்ளூர் வேளாண் சங்கம் கண்காட்சி நடத்திச் சிறந்த குதிரைக்குப் பரிசுத் தொகை கொடுக்கும். பரிசு வாங்கியவர் அந்தக் குதிரையைக் குறிப்பிட்ட வட்டாரம் முழுவதும் நடத்திக்கொண்டு போய்ப் பெட்டைகளுக்கு விட வேண்டும். இன்று நடப்பது பொலிகுதிரை அல்ல. பெட்டைதான் லாரியில் போகிறது.

இதன் பலம், இயற்கையே நேரம் பார்த்துக்கொள்வது. பெட்டை 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வந்து ஐந்து முதல் ஏழு நாள் அதில் இருக்கும். முட்டை வெளிப்படுவது பெரும்பாலும் அதன் கடைசி ஓரிரு நாளில். ஒரு நாள் விட்டு ஒரு நாள் சேர்க்கைக்கு விட்டால், புதிய விந்து இரண்டு நாளுக்கு மேலும் உயிரோடிருப்பதால், ஏதோ ஒரு சேர்க்கை சரியான நேரத்தில் விழுந்துவிடும். மருத்துவர் செலவு மிகக் குறைவு. பொலிக் கட்டணமும் பந்தயக் குதிரை உலகத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. சில நூறு பவுண்டுதான்.

பலவீனம், ஆபத்து. ஏறக்குறைய ஒரு டன் எடையுள்ள பிராணி இன்னொன்றின் மேல் ஏறுகிறது. பெட்டையின் வாலைக் கட்டி, பின்னங்கால்களுக்குக் கனமான கம்பளிக் காலணி மாட்டி, பலகைத் தடுப்புக்கு இரு பக்கமும் நிறுத்தி மனநிலை பார்த்த பிறகுதான் பக்கத்தில் விடுவார்கள். அப்படியும் உதை விழும். 1911-இல் ஏர் நகரத்து ஏலத்தில் 9,500 பவுண்டுக்குப் போனது பாரன் ஆஃப் புக்லைவி. அதன் உரிமைக்காக வில்லியம் டன்லாப்பும் ஜேம்ஸ் கில்பாட்ரிக்கும் அன்று உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வரை வழக்காடியிருந்தார்கள். அவ்வளவு பாடுபட்டு டன்லாப் மீட்ட குதிரை, 1914-இல் ஒரு பெட்டை உதைத்ததில் கால் முறிந்தது. அதைக் கொன்றுவிட வேண்டியதாயிற்று. எலும்புக்கூடு இப்போது கிளாஸ்கோவின் கெல்வின்குரோவ் அருங்காட்சியகத்தில். இதனோடு தொற்றும் சேர்ந்துகொள்ளும். 1977-இல் நியூமார்க்கெட்டில் கண்டறியப்பட்ட கருப்பைத் தொற்று சேர்க்கையின் வழியாகப் பரவும் என்பதால், பெட்டையின் மாதிரிச் சோதனை முடிவு கையில் இல்லாமல் நல்ல பண்ணை எதுவும் உள்ளே விடாது.

குளிர்விந்து நடுவழி. பொலிகுதிரையிடமிருந்து சேகரித்து, பாதுகாப்புத் திரவம் கலந்து, ஐந்து டிகிரிக்குக் குளிர்வித்துப் பெட்டியில் அனுப்புகிறார்கள். 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்துவது நல்லது. 48 மணி என்பது எல்லை. ஒருமுறை சேகரித்ததைப் பல பெட்டைகளுக்குப் பிரிக்கலாம். பருவ உச்சத்தில் டன்யூர் ஃபுட்பிரின்ட் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பெட்டை என்று இரவு பகலாகச் சேர்ந்ததாகக் கதை சொல்வார்கள். அந்தத் தேவை இப்போது இல்லை. பெட்டை வீட்டிலேயே இருக்கும். பால் குடிக்கும் குட்டி கூடவே இருந்தால் இது பெரிய நிம்மதி. தொல்லையெல்லாம் நாள்காட்டியில்தான். பெட்டை சனிக்கிழமை இரவு தயாரானால் ஞாயிறன்று கூரியர் வராது. பொலிகுதிரை பொம்மைப் பெட்டையின் மேல் ஏறப் பழகியிருக்கவும் வேண்டும். கன இனப் பொலிகுதிரைகளில் பலவற்றுக்கு அந்தப் பழக்கம் கிடையாது; அவற்றின் எடையைத் தாங்கும் பொம்மையும் எல்லா மையத்திலும் இல்லை.

உறைவிந்து கேட்பதற்கு எல்லாவற்றையும்விடக் கவர்ச்சியானது. மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். இறந்துபோன குதிரையின் குட்டியைப் பெறலாம். பருவம் தலைகீழாக வரும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்தும் தருவிக்கலாம். நம் ஊர் மாடுகளுக்குப் போடும் சினை ஊசியும் உறைவிந்துதான், அதில் இல்லாத என்ன சிக்கல் இதில் என்று தோன்றும். பசு காலையில் பருவம் காட்டினால் மாலையில் ஊசி போடலாம். அந்தக் கணக்கு குதிரையிடம் செல்லாது. உருகிய விந்து பெட்டையின் உடலில் அரை நாள் தாங்கினாலே அதிகம். முட்டை வெளிப்பட்ட ஆறு மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதைப் பிடிக்க ஊக்கி ஊசி போட்டுவிட்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, நள்ளிரவிலும், ஸ்கேன் செய்ய வேண்டும். அதற்குப் பெட்டையை மருத்துவ மையத்தில் விட்டுவைப்பதுதான் நடைமுறை. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் பில் வரும். சவாரிக் குதிரைகளையே பார்த்துப் பழகிய மருத்துவரானால் இன்னொரு கவலை: கனப் பெட்டைகளில் முட்டைப்பை கூடுதலாகப் பெருத்த பிறகே வெடிக்கும். அளவை மட்டும் பார்த்து அவசரப்பட்டால் மருந்து வீண். வயதான பெட்டைகளுக்கு உறைவிந்து போட்ட பிறகு கருப்பையில் அழற்சியும் நீர்த்தேக்கமும் வருவது சகஜம். சில பொலிகுதிரைகளின் விந்து உறைபதனத்தைத் தாங்குவதே இல்லை. வம்சாவளி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அதற்கு மருந்து கிடையாது.

பந்தயத்துக்கான தரோபிரெட் இனத்தில் நேரடிச் சேர்க்கையைத் தவிர எதையும் பதிவேடு ஏற்காது. கிளைட்ஸ்டேலில் அந்தத் தடை இல்லை. அதனால்தான் தேர்வு செய்யும் தலைவலியே வருகிறது.

நம் லனார்க்ஷயர்க்காரருக்கு என் பதில்: பக்கத்தில் இருக்கும் குதிரை தாளிலும் காலிலும் தேறினால் நேரடிச் சேர்க்கை. பக்கத்தில் இருப்பவை எல்லாம் தன் பெட்டைக்கு நெருங்கிய உறவு என்றால், தயங்காமல் குளிர்விந்து. உறைவிந்தை வெளிநாட்டு ரத்தத்துக்கோ மறைந்த குதிரைக்கோ மட்டும் வைத்துக்கொள்ளலாம். அதுவும் ஏழெட்டு வயது இளம் பெட்டைக்கு. முதன்முறையாகப் பொலிக்கு விடும் பதினாறு வயதுப் பெட்டைக்கு உறைவிந்து வாங்குவது பணத்தை நைட்ரஜனில் போடுவது. எந்த வழியானாலும் பதினைந்தாம் நாள் வாக்கில் ஸ்கேன் கட்டாயம். இரட்டைக் கரு குதிரைக்கு வரம் அல்ல. அந்த வயதில் கண்டால் ஒன்றை நசுக்கி மற்றதைக் காப்பாற்ற முடியும்.

ஒப்பந்தத்தையும் பார்த்துவிட வேண்டும். “குட்டி இல்லையேல் கட்டணம் இல்லை, அக்டோபர் 1” என்று இருந்தால், அந்தத் தேதியில் பெட்டை சினையாக இருந்தாலே கட்டணம் கட்டியாக வேண்டும். மார்ச்சில் கரு கலைந்தால் பணம் திரும்பாது. “உயிர்க்குட்டி உத்தரவாதம்” என்றால், பிறந்த குட்டி எழுந்து நின்று பால் குடிப்பது வரை பொறுப்பு பொலிகுதிரைக்காரருடையது. பதினொரு மாதச் சினையில் இந்த இரண்டுக்கும் நடுவே முழுக் குளிர்காலம் கிடக்கிறது. உறைவிந்தைப் பெரும்பாலும் டோஸ் கணக்கில் விற்பார்கள். உத்தரவாதம் ஒன்றும் இருக்காது. எது என்பதை லாரி கிளம்புவதற்கு முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அக்டோபர் ஒப்பந்தமானால், கருவிலிருக்கும் குட்டிக்குக் காப்பீடு எடுக்க அந்த மாதமே நல்ல நேரம்.